பழசுக்கு ஒரு திறப்பு விழா

பத்துத் திரைகளும் ஒரே நேரத்தில் கறுத்தன. கூட்டம் கைதட்டியது.

டெல்சி மட்டும் தட்டவில்லை. அந்த மண்டபத்தில் கணினி தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நீலப் பின்னணியும் சின்னச் சின்னப் படங்களும் வரவேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு. இடது மூலையில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று அது சொல்வது அவளுக்கு மட்டும் கேட்டது.

"அம்சமா இருக்கும்மா," என்றார் அமிர்தநாதன், மாலையைச் சரிசெய்தபடி. "பழசு ஒரே நீலம். துணி தோய்க்கிற சவக்காரத் தண்ணி மாதிரி. இது பாரு, கறுப்பு. ஒரு கம்பீரம் இருக்கு."

"நம்ம பக்கத்து மெஷின்ல கறுப்பு இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்கு. கவனிச்சீங்களா?" என்றார் செல்லசாமி.

மறுபடியும் கைதட்டல். இந்த முறை செல்லசாமியின் ஆட்கள் மட்டும் தட்டினார்கள்.

இலங்கை மலையகத்தில் வட்டவளைக்கு மேலே, மூடுபனிக்குள் ஒளிந்துகிடக்கும் லோன்பர்ன் தேயிலைத் தோட்டத்தில் 2007ஆம் ஆண்டு நடந்த கூத்து இது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பழைய புள்ளைக்காம்பராவுக்கு வெள்ளையடித்து, அதைக் கணினி நிலையம் ஆக்கியிருந்தார்கள். தோட்டம் இரண்டு பிரிவு. மேல்கணக்கு அமிர்தநாதனின் தொழிற்சங்கம். கீழ்க்கணக்கு செல்லசாமியின் சங்கம். கொழும்பில் ஏதோ ஒரு கம்பெனி கழித்துவிட்ட கணினிகளை ஆளுக்கு ஐந்தாகப் 'போராடிப் பெற்று' வந்திருந்தார்கள் இரு தலைவர்களும். சுவரோரம் இருந்த ஐந்திலும் கும்பிட்டபடி அமிர்தநாதன் படம். ஜன்னலோரம் இருந்த ஐந்திலும் கும்பிட்டபடி செல்லசாமி படம். மேல்கணக்குப் பிள்ளை செல்லசாமியின் கணினியைத் தொட்டால் அன்று மாலை அதன் அப்பனுக்குச் சங்கத்தில் விசாரணை.

இந்தப் பத்துக்கும் இடையில் நின்று பாடம் சொல்லிக்கொடுப்பவள் டெல்சி. வட்டவளையில், தொழிலாளர் லயத்து வரிசைவீட்டில் பிறந்தவள். கொழும்பில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டே கணினி படித்து, இந்த ஆசிரியை வேலைக்கு வந்தவள். சனிக்கிழமை அவளுடைய மாணவர்களுக்குச் சான்றிதழ்த் தேர்வு. நுவரெலியாவிலிருந்து பரிசோதகர் வருகிறார். தேர்வு நடந்தால் நிலையம் இருக்கும். நடக்காவிட்டால் கதவுக்குப் பூட்டு, டெல்சிக்கு மறுபடியும் கொழும்பு, மறுபடியும் துணிக்கடை, போர்க்காலத் தங்குமிடத்தில் தமிழருக்கென்றே பொலிஸ் பதிவு, "எந்த ஊர்? ஏன் வந்தாய்?" என்ற கேள்வி. இந்தக் கணக்கு அவளுக்குத் தலைகீழாகத் தெரியும்.

இன்று புதன்கிழமை.

வந்த வினை ஓர் இறுவட்டு, ஒரு சீடி. அந்தக் கணினிகளில் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். அதைப் புதுப்பிக்கச் சொல்லி, நிலையங்களை நடத்தும் திட்ட அலுவலகம் கொழும்பிலிருந்து இறுவட்டை அனுப்பியிருந்தது. "முதல்ல ஒரு மெஷின்ல போட்டுப் பார்ப்போம்ங்க. நல்லா ஓடுச்சுன்னா மத்ததுக்கும் போடலாம்," என்று டெல்சி அப்போதே சொன்னாள்.

"எந்த மெஷின்?" என்று கேட்டார் செல்லசாமி.

அந்த ஒரு கேள்வியோடு யோசனை செத்தது. எதில் முதலில் போட்டாலும் மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிட ஆட்கள் கூடும் இடத்தில், மற்றச் சங்கம் கொதித்தெழும். "அவங்க புள்ளைங்க புதுசுல, நம்ம புள்ளைங்க பழசுலயா?" ஆகவே பெரட்டில் ஆட்களை நிறுத்துவதுபோலப் பத்தையும் வரிசையாக நிறுத்தி, நல்ல நேரம் பார்த்து, ஒரு பக்கம் தேங்காய் உடைத்து, ஒரு பக்கம் ஜெபம் சொல்லி, ஒன்றாகப் புதுப்பித்தார்கள். உலகத்தில் எந்தக் கணினிக்காரனும் செய்யத் துணியாத காரியம். லோன்பர்னில் அது சமத்துவம்.

அதிலும் ஒரு உள்ளடி. விழாவுக்கு முன் செல்லசாமி டெல்சியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், நம்ம மெஷின்ல மட்டும் ஏதாவது ஒண்ணு கூட இருக்கணும். அவனுக்குத் தெரியக்கூடாது."

கணினி சும்மா இருக்கும்போது திரையில் மீன் நீந்தவிடும் நிரல் ஒன்று அந்த இறுவட்டில் இருந்தது. அதைச் செல்லசாமியின் முதலாவது கணினியில் ஏற்றினாள். "மீனா? பெரிய மீனா?" என்று கேட்டுத் திருப்தியானார்.

கூட்டம் கலைந்ததும் டெல்சி ஒவ்வொரு கணினியாகத் தட்டிப் பார்த்தாள். காரணம் கிடைத்தது. இவை கழித்துவிட்ட பழைய கணினிகள். திரைக்குப் படம் அனுப்பும் அட்டை அதைவிடப் பழசு. புதிய பதிப்பு அந்த அட்டையை, ஊருக்கு வந்த ஏழைச் சொந்தக்காரனைப் போலக் கண்டும் காணாமல் விட்டுவிட்டது. புதுப்பித்ததைப் பின்வாங்கிப் பழைய பதிப்பை ஏற்றினால் நீலம் திரும்பிவிடும். பழைய பதிப்பின் நிரல்பொதிகள் அலுமாரியில் இருந்த முதல் இறுவட்டுகளில் பத்திரமாக இருந்தன.

ஆனால் அனுமதி வேண்டும். அனுமதி தரவேண்டியவர் இணைப்பாளர் மகாலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், ஹட்டனில் அலுவலகம், கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவையே சந்தேகமாகப் பார்ப்பவர்.

டெல்சி தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னாள்.

"பிள்ளை, நான் கொழும்புக்கு ஃபெக்ஸ் அனுப்பிப்போட்டன். 'புதுப்பிப்பு வெற்றி'யெண்டு. இப்ப போய் வெற்றி பிழைச்சுப்போச்செண்டு எப்பிடி எழுதுறது?"

"சார், ஸ்க்ரீனே வரலைங்க."

"அது உம்மட பக்கத்துப் பிரச்சினை. என்ர பக்கத்தில கடதாசியெல்லாம் சரி. ரெண்டு சங்கமும் ஓமெண்டால் நீர் என்னவும் செய்யும். எனக்கு மட்டும் ஒண்டும் சொல்லிப்போடாதையும்."

வியாழக்கிழமை மதியம், ஆட்கள் கொழுந்து நிறுக்கப் போயிருந்த நேரம் பார்த்து, டெல்சி சுவரோரக் கணினி ஒன்றில் கைவைத்தாள். லினக்ஸ் முதலில் முரண்டு பிடித்தது. இதைவிடப் புதியது ஏற்கெனவே இருக்கிறது, பழசை ஏற்ற மாட்டேன் என்றது. 'பழசுதான், தெரிந்துதான் கேட்கிறேன்' என்று பொருள்படும் ஒரு சொல்லைக் கட்டளையில் சேர்த்தாள். உடனே இன்னொரு பொதி குறுக்கே வந்தது: அவனை இறக்கினால் என்னையும் இறக்கு. அதை இறக்கப் போனால் அதற்கொரு கூட்டாளி. எல்லாரையும் ஒன்றாகக் கட்டி ஒரே கட்டளையில் இறக்கினாள்.

நீலம் வந்தது. டெல்சிக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் அமிர்தநாதன் நின்றார்.

"யாரைக் கேட்டும்மா என் மெஷினைப் பழசாக்குன?"

"தலைவரே, அது வேலை செய்யலைங்க. இப்ப பாருங்க, செய்யுது."

"வேலை செய்யுறது செய்யாதது பெறகு. அவன் அஞ்சும் புதுசு, என் அஞ்சுல ஒண்ணு பழசு. நாளைக்குப் பெரட்டுல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது? போடும்மா புதுச!"

"போட்டா கறுத்துரும்ங்க."

"கறுக்கட்டும். மானத்தோட கறுக்கட்டும்."

அவர் கதவை அடைத்து நின்றார். டெல்சி தன் கையாலேயே புதுப்பித்தாள். நீலம் செத்தது. வெள்ளைக் கோடு கண் சிமிட்டியது. அமிர்தநாதன் அதைப் பார்த்துத் தலையை ஆட்டி, "ம், இப்பத்தான் சரி," என்று போனார்.

சாயங்காலம் இரண்டு தலைவர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசிப் பார்த்தாள். பிளேன்டீ கொடுத்தாள். பிஸ்கட் கொடுத்தாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து ஒத்துக்கிட்டா, பத்தையும் பழசுக்கு எறக்கிரலாம்ங்க. நாளன்னிக்கிப் பரீட்சை. நம்ம தோட்டத்துப் புள்ளைங்கதானேங்க."

"புள்ளைங்களுக்காக உயிரையே குடுப்பேன்," என்றார் செல்லசாமி. "மொதல்ல அவர் மெஷினை எறக்குங்க."

"ஏன், என்னோடது எளக்காரமா? ஒன்னோடத மொதல்ல எறக்கு!"

"நான் வாங்கின உரிமையை ஒரு நாளும் திருப்பிக் குடுத்ததில்ல."

"நான் மட்டும் குடுத்துருக்கேனா? சம்பளப் போராட்டத்துல எவன் மொதல்ல போய்க் கையெழுத்து வச்சான்?"

"அத இங்க இழுக்காத அமிர்தம்!"

"எழுத்துல வேணும்," என்று எழுந்தார் அமிர்தநாதன். "பழைய வெர்ஷனுக்குப் போறதால தொழிலாளிக்குப் பாதிப்பில்லேன்னு எழுத்துல வேணும்."

"அதோட ஒரு கூட்டுக் கமிட்டியும் வேணும்," என்றார் செல்லசாமி. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். கமிட்டி அடுத்த மாதம் கூடும் என்று முடிவாகியது. பிஸ்கட் தட்டு காலி.

லினக்ஸாவது ஒரு சொல் சேர்த்தால் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை டெல்சி லயத்து வழியே நடந்து வந்தாள். காலில் அட்டை கடித்தது, அதைக்கூடக் கவனிக்கவில்லை. பொதுக்குழாயடியில் வேலாயி வெறுங்குடத்தோடு நின்று தலைமுறை தலைமுறையாக எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி வரலியா வேலாயிக்கா?"

"எப்ப வந்துச்சு? திறந்து மட்டும் வைப்பானுங்க."

குழாய்க்கு மேலே சுவரில் இரண்டு கல்வெட்டு. ஒன்றில் 'முதலாம் கட்டம், திறந்துவைத்தவர் அமிர்தநாதன்'. மற்றதில் 'இரண்டாம் கட்டம், திறந்துவைத்தவர் செல்லசாமி'. ஒரே குழாய். அதே குழாய். முதலாம் கட்டத்தில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் இரண்டாம் கட்டத்தில் நின்றுபோனது. ஆனாலும் இரண்டாம் கட்டத்துக்கு மேளம் பலமாகவே கொட்டியதாம்.

டெல்சி அந்தக் கல்வெட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓட ஆரம்பித்தாள்.

முதலில் அமிர்தநாதன் வீடு. "தலைவரே, புதன்கிழமை நடந்தது முதலாம் கட்டம்தாங்க. இன்னைக்கு ரெண்டாம் கட்டம். திறந்து வைக்கணும்."

அமிர்தநாதன் சவரக் கத்தியைக் கீழே வைத்தார். "ரெண்டாம் கட்டமா? அத யாரு திறக்கிறது?"

"நீங்க இல்லாம எப்படிங்க?"

"கறுப்பு இருக்குமா?"

"ரெண்டாம் கட்டத்துக்கு வேற கலருங்க."

அடுத்தது செல்லசாமி வீடு. அங்கேயும் அதே வசனம். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "அமிர்தம் வர்றானா?"

"வர்றாருங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பொத்தானை அமுக்கணும். ஒருத்தர் முந்தினாலும் மெஷின் ஒத்துக்காது."

அவள் சொன்னதில் பொய் என்று பார்த்தால் இந்தக் கடைசி வரி ஒன்றுதான். அதற்காக அடுத்த ஞாயிறு தேவாலயத்துக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

பின்னேரம் புள்ளைக்காம்பரா மறுபடியும் நிறைந்தது. மேளம் வந்தது. தேங்காய் உடைந்தது. மகாலிங்கமும் ஹட்டனிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். விழா என்றால் அவருக்குப் பொறுப்பு இல்லை, நாற்காலி மட்டும் உண்டு. பத்துக் கணினிகளிலும் டெல்சி கட்டளையை முன்கூட்டியே அடித்து வைத்திருந்தாள். ஒரு பொத்தான் பாக்கி.

"ஒண்ணு, ரெண்டு, மூணு!"

அமிர்தநாதனும் செல்லசாமியும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தபடி, யாரும் யாரையும் முந்தாமல் அமுக்கினார்கள். மற்ற எட்டையும் மாணவர்கள் அமுக்கினார்கள். கறுப்பில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின.

"எவ்வளவு வேகம் பாத்தீங்களா!" என்றார் யாரோ.

புதுசு இறங்கியது. பழசு ஏறியது. கணினிகள் அணைந்து மீண்டன. சுவரோரம் ஒரு நீலம். இன்னொன்று. ஐந்தும் நீலம். ஜன்னலோரம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு...

மிச்சமிருந்த ஒன்று கறுப்பாகவே நின்றது. செல்லசாமியின் முதலாவது கணினி. அவரே அமுக்கியது.

மேல்கணக்குப் பக்கம் யாரோ விசிலடித்தார்கள்.

"என்னாங்க டீச்சர் இது?" செல்லசாமியின் முகம் திரையைவிடக் கறுத்தது. "அவனுக்கு வருது, எனக்கு வரலை? இது சதி!"

"சதிதான்யா!" என்று கீழ்க்கணக்கிலிருந்து ஒரு குரல். நாற்காலிகள் நகர்ந்தன. மகாலிங்கம் குடையை எடுத்துக்கொண்டு மெதுவாக வாசல் பக்கம் பார்த்தார்.

டெல்சி திரையில் இருந்த வரியைப் படித்தாள். மீன்! அந்த மீன் நிரல் புதிய பொதி ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, நான் இருக்கும்வரை இவனை இறக்க விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றது. முழுப் பின்வாங்கலையும் அது மறித்துவிட்டது. மற்ற ஒன்பதிலும் மீன் இல்லை. மீனை அகற்றிவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டவேண்டும். அதற்கு நேரம் வேண்டும். கூட்டம் அதுவரை சும்மா இருக்குமா?

லோன்பர்னில் நேரம் வாங்க ஒரே ஒரு வழிதான்.

"தலைவரே," என்றாள் சத்தமாக, "உங்க மெஷின்தான் கடைசியா திறக்கணும்னு வச்சிருக்கோம்ங்க. முடிவுரை உங்களுது. மைக்கைப் பிடிங்க!"

செல்லசாமி தயங்கினார். மைக்கைப் பார்த்தார். மைக் அவரைப் பார்த்தது. அவ்வளவுதான்.

"என் உயிரினும் மேலான தொழிலாளர் தோழர்களே!"

வெள்ளைக்காரன் முன்னோரைத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்த நாளிலிருந்து ஆரம்பித்தார். டெல்சியின் விரல்கள் பறந்தன. மீனை அகற்றினாள். செல்லசாமி காட்டுப்பாதை, காய்ச்சல், கோப்பித் தோட்டம் எல்லாம் தாண்டித் தேயிலைக்கு வந்தார். அவள் இறுவட்டைச் செருகினாள். பேச்சில் வாக்குரிமை போனது; பொதிகள் ஏறத் தொடங்கின. வாக்குரிமை திரும்பி வந்தது, பாதி ஏறிவிட்டது. அமிர்தநாதன் கொட்டாவி விட்டார். செல்லசாமி தன் சொந்தப் போராட்டங்களுக்கு வந்தபோது டெல்சி கணினியை அணைத்து மீட்டாள். கழுத்தில் வியர்வை ஓடியது, அந்தக் குளிரிலும்.

"ஆகவே தோழர்களே, வெற்றி நமதே!"

நீலம் வந்தது.

கூரை அதிர்ந்தது. மேளக்காரர் மூக்கன் யாரும் சொல்லாமலே கொட்ட ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமை வரை தினமும் பார்த்த அதே நீலத்தை மொத்தத் தோட்டமும் வாய்பிளந்து பார்த்தது.

"பழைய நீலம் மாதிரி இல்ல," என்றார் அமிர்தநாதன். "இது வேற நீலம். ஒரு ஆழம் இருக்கு."

மீன் எங்கே என்று செல்லசாமி கேட்கவில்லை. மேல்கணக்கு பக்கத்தில் இருக்கும்போது கேட்கவும் முடியாது.

சனிக்கிழமை காலை பரிசோதகர் கமலேஸ்வரி வந்தார். ஒல்லியான உருவம், தடித்த கண்ணாடி. மாணவர்கள் கணினிகளுக்கு முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் இரு தலைவர்களும், மகாலிங்கமும். தங்கள் இரண்டாம் கட்டத்தைப் பரிசோதகர் பாராட்டுவதைக் கேட்கவே குளித்து, உடுத்து வந்திருந்தார்கள்.

கமலேஸ்வரி முதல் கணினிக்குக் குனிந்தார். எதையோ அழுத்தினார். பதிப்பு எண் திரையில் வந்தது.

"இது பழைய பதிப்பெல்லோ?" என்றார்.



டெல்சி கண்ணை மூடிக்கொண்டாள். துணிக்கடையின் மடித்துவைத்த புடவை வாசனை மூக்கில் ஏறியது.

"பழசா?" என்றார் அமிர்தநாதன், மெதுவாக, ஆபத்தாக.

"பழசா?" என்றார் செல்லசாமி.

"எனக்கு இதுபற்றி ஒண்டும் தெரியாது," என்றார் மகாலிங்கம் முந்திக்கொண்டு. "எல்லாம் இந்தப் பிள்ளை தன்ர பாட்டில செய்தது."

"அப்பிடியோ?" கமலேஸ்வரி நிமிர்ந்தார். "பரீட்சை வினாக்கள் பழைய பதிப்புக்குத்தான் போட்டது. அந்த இறுவட்டைப் போட்ட நிலையமெல்லாம் கறுத்துப்போய்க் கிடக்குது. விடிஞ்சதிலயிருந்து எனக்கு ஃபோனுக்கு மேல ஃபோன். இந்தப் பக்கத்தில பரீட்சை நடக்கப்போறது உங்கட இடம் ஒண்டிலதான். இதை மூடச்சொல்லி ஆராலும் இனி எழுதேலாது. ஆர் இவ்வளவு புத்தியாய்ப் பின்னுக்குக் கொண்டு வந்தது?"

டெல்சி கண்ணைத் திறந்தாள். வாயையும் திறந்தாள்.

"நாங்கதாங்க மேடம்!" அமிர்தநாதன் ஏற்கெனவே முன்னால் வந்துவிட்டார். "புதுசு நம்ம தொழிலாளிக்குச் சரிப்படாதுன்னு அன்னைக்கே எதிர்த்தேன். போராடி மீட்டோம்."

"இவரு எதிர்த்தாரா? பழசுக்கு மொதல்ல குரல் குடுத்தது நான்!" என்றார் செல்லசாமி. "நேத்து மைக்குலயே பேசினேன். சாட்சிக்கு ஊரே இருக்கு."

"அத விட மொதல்ல எறங்கினது என்னோட மெஷின். வியாழக்கெழமையே எறங்கியாச்சு! டீச்சரைக் கேளுங்க!"

"என்ர வழிகாட்டல் இல்லாமல் இதொண்டும் நடந்திருக்காது," என்றார் மகாலிங்கம். சட்டைப் பையிலிருந்து பேனா தானாக வெளியே வந்தது. "அறிக்கையில நான் விபரமாய் எழுதுறன். 'பின்வாங்கல் வெற்றி.'"

கமலேஸ்வரி கண்ணாடிக்கு மேலால் மூவரையும் பார்த்தார். பிறகு டெல்சியின் விரல்களைப் பார்த்தார். "பரீட்சை தொடங்கட்டும். சம்பந்தமில்லாத ஆக்கள் வெளியில நில்லுங்கோ."

மூவரும் வெளியே போனார்கள். ஜன்னலுக்கு வெளியே சண்டை தொடர்ந்தது. உள்ளே விசைப்பலகைகள் மழை மாதிரிச் சடசடத்தன. டெல்சி சுவரில் சாய்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். நன்றி சொல்ல யாரும் வரவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. திங்கட்கிழமை இந்தக் கதவைத் திறக்கப்போவது தான்தான் என்பது மட்டும் அவளுக்குப் போதுமாயிருந்தது.

தேர்வு முடிந்து பரிசோதகரின் வாகனம் வளைவில் மறைந்ததும் மகாலிங்கம் குடையோடு அருகில் வந்தார். முகத்தில் புதுப் பாசம்.

"பிள்ளை, பட்டிப்பொலப் பக்கத்து நிலையத்திலயும் இதே கறுப்புத்தானாம். உம்மட பேரைச் சொல்லிப்போட்டன். செவ்வாய்க்கிழமை ஒருக்காப் போய்ப் பின்னுக்கு எடுத்துவிட்டு வாரும். உமக்குத்தான் வேலை தெரியுமே."

"வேலை பெரிசில்லைங்க சார்," என்றாள் டெல்சி. "அங்க எத்தனை சங்கம்?"